சோறு நம் வயலிலிருந்து வருமா? விவசாயம், விவசாயக் கல்வி, உணவுத் தன்னிறைவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வன்னிப் பக்கம் விவசாயிகளோடும், உயர்தரத்தில் எந்தப் பாடம் எடுப்பது என்று குழம்பும் பிள்ளைகளோடும், அவர்களின் பெற்றோரோடும் பேசும்போது திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்கள் எல்லாம் இலங்கையின் நிலத்தையும் இலங்கையின் அனுபவத்தையும் வைத்தே எழுதப்பட்டவை.

இலங்கை அரிசியில் தன்னிறைவு கண்ட நாடு என்கிறார்கள். உண்மையா?

நல்ல ஆண்டில் உண்மை. மழை பிழைக்காமல், பசளை நேரத்துக்கு வந்தால், ஆண்டின் இரண்டு பயிர்க் காலங்களான பெரும்போகமும் சிறுபோகமும் சேர்ந்து 50 இலட்சம் தொன் அளவில் நெல் விளைகிறது. 2021 இல் 51 இலட்சம் தொன்னைத் தாண்டியது. நாட்டில் ஏறத்தாழ 2 கோடியே 17 இலட்சம் பேர் இருக்கிறோம். ஆளுக்கு ஆண்டுக்கு 100 கிலோவுக்குச் சற்று மேல் அரிசி செலவாகிறது. விதைநெல்லையும் உமி, தவிட்டையும் கழித்துப் பார்த்தாலும் அந்த விளைச்சல் நமக்குப் போதும்.

அடுத்த ஆண்டே, 2022 இல், அது 34 இலட்சம் தொன் அளவுக்கு விழுந்தது. அதே வயல், அதே குளம், அதே விவசாயி. பசளையும் டீசலும் இல்லாமல் போனதுதான் வித்தியாசம். யூரியா முழுவதும் கப்பலில் வருகிறது. உழவு இயந்திரத்துக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் ஊற்றும் டீசலும் அப்படியே. நெல் நம்முடையது, அதை விளைவிக்கும் பொருட்களில் பாதி நம்முடையவை அல்ல. தன்னிறைவு என்று மேடையில் பேசுவோர் இந்தப் பாதியைச் சொல்வதில்லை.

முன்பெல்லாம் நம் அரிசியைத்தானே சாப்பிட்டோம்? இந்தச் சிக்கல் எல்லாம் புதிதுதானே?

இது பரவலாக நம்பப்படும் கதை. பிரித்தானியர் காலத்தில் தோட்டங்களும் நகரங்களும் பர்மா அரிசியிலும் இந்திய அரிசியிலும்தான் வாழ்ந்தன. 1942 இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அரிசிக் கப்பல் நின்றது. ஆளுக்கு இவ்வளவுதான் என்று பங்கிடும் கூப்பன் முறை வந்தது. மரவள்ளியும் கோதுமை மாவும் சோற்றின் இடத்தைப் பிடித்தன. நம் வீடுகளில் பாண் நிலைத்துப் போனதற்கு அந்தப் போர்க்காலமும் ஒரு காரணம்.

சுதந்திரம் கிடைத்தபோதும் நாட்டுக்குத் தேவையான அரிசியில் பாதிக்கு மேல் வெளியிலிருந்தே வந்தது. 1952 டிசம்பரில் சீனாவோடு இறப்பரைக் கொடுத்து அரிசி வாங்கும் ஒப்பந்தம் கைச்சாத்தானது. அடுத்த ஆண்டு அரசு மானியத்தை வெட்டி, கூப்பன் அரிசியை ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது, 1953 ஓகஸ்ட் 12 அன்று நாடே ஹர்த்தாலில் இறங்கியது. சில வாரங்களில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். அரிசி விலை எத்தனை பெரிய அரசியல் என்பதை அன்றே இந்த நாடு கண்டுவிட்டது.

அப்படியானால் எப்படி இந்த நிலைக்கு உயர்ந்தோம்?

நீரும் விதையும் விலையும் சேர்ந்து உயர்த்தின. கல்லோயாத் திட்டம், பின்னர் மகாவலித் திட்டம் எனப் பெரிய நீர்ப்பாசன வேலைகள் நடந்தன. அவற்றோடு வந்த குடியேற்றங்கள் தமிழ் மக்களுக்கு ஏற்படுத்திய காயத்தையும் இந்த இடத்தில் மறைக்க முடியாது. விளைந்த நெல்லும் உண்மை, அந்தக் காயமும் உண்மை. நெல்லுக்கு உத்தரவாத விலை என்ற ஏற்பாடு 1940களின் இறுதியிலேயே வந்துவிட்டது.

விதையின் பங்கு பலருக்குத் தெரியாது. குருநாகல் மாவட்டத்தின் பத்தலகொடையில் உள்ள நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1950களின் இறுதியில் எச்-4 என்ற இனத்தை உருவாக்கினார்கள். முருங்கக்காயன் என்ற உள்ளூர் நெல்லையும் இந்தோனேசியாவின் மாஸ் என்ற நெல்லையும் கலந்து எடுத்தது அது. பழைய நெல்லை விடக் கூடுதலாக விளைந்தது, நோயையும் தாங்கியது. 1970 அளவில் வந்த பீ.ஜீ. 11-11 போன்ற குட்டை இனங்கள் பசளை போட்டாலும் சாயாமல் நின்றன. இன்று நாடு முழுவதும் சராசரியாக ஏக்கருக்கு 80 புசலுக்கு மேல் எடுக்கிறோம் (ஒரு புசல் நெல் ஏறத்தாழ 21 கிலோ). இதில் பெரும்பங்கு பெயர் தெரியாத ஆராய்ச்சியாளருடையது. அவர்கள் எல்லோரும் விவசாயம் படித்தவர்கள். விவசாயக் கல்வியால் என்ன பயன் என்று கேட்பவருக்கு நான் முதலில் காட்டுவது பத்தலகொடையைத்தான்.

நெல் இனத்தின் எண்ணுக்கு ஏதும் அர்த்தம் உண்டா?

உண்டு. முன்னால் வரும் எழுத்து பிறந்த இடம்: பீ.ஜீ. என்றால் பத்தலகொடை, ஏ.ரி. என்றால் அம்பலாந்தோட்டை, பீ.டபிள்யூ. என்றால் பொம்புவளை. எண்ணின் முதல் இலக்கங்கள் ஏறத்தாழ வயதைக் காட்டும். பீ.ஜீ. 250 இரண்டரை மாதம், பீ.ஜீ. 300 மூன்று மாதம், பீ.ஜீ. 352, 358, 360 எல்லாம் மூன்றரை மாதம், 400 வரிசை நான்கு மாதமும் அதற்கு மேலும். குளத்தில் எத்தனை நாளைக்குத் தண்ணீர் இருக்கிறது என்று தெரிந்தால் எந்த எண்ணை விதைப்பது என்று முடிவெடுக்கலாம். கரையோரத்தில் உவர் ஏறிய வயல் என்றால் ஏ.ரி. 354 ஐப் பற்றி விசாரியுங்கள். உவர் தாங்கவென்றே எடுக்கப்பட்ட இனம் அது.

2021 இல் இரசாயனப் பசளையைத் தடைசெய்தது நல்ல நோக்கத்தில்தானே? எங்கே பிழைத்தது?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. நீட்டியே பதில் சொல்ல வேண்டும்.

கோட்டாபய ராஜபக்சவின் 2019 ஜனாதிபதித் தேர்தல் அறிக்கையில் பத்து ஆண்டுகளில் சேதன விவசாயத்துக்கு, அதாவது இரசாயனம் இல்லாத எரு விவசாயத்துக்கு, மாறுவோம் என்றிருந்தது. 2021 மே மாத வர்த்தமானியில் இரசாயனப் பசளையும் கிருமிநாசினியும் இறக்குமதி செய்வது ஒரேயடியாக நிறுத்தப்பட்டது. பத்து ஆண்டு வேலை ஒரு போகத்துக்குள் நடக்க வேண்டும் என்றாகிவிட்டது. நாட்டிடம் டொலர் குறைந்துகொண்டிருந்ததும் அந்த அவசரத்துக்கு ஒரு காரணம். வடமத்திய மாகாணத்தின் சிறுநீரக நோய்க்கு இரசாயனப் பசளை காரணமோ என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

கணக்கைப் பாருங்கள். ஒரு தொன் நெல் விளைய, பயிர் 15 முதல் 20 கிலோ வரை நைதரசனை எடுத்துக்கொள்கிறது. ஏக்கருக்கு இரண்டு தொன் வேண்டுமென்றால் 30 முதல் 40 கிலோ. மண்ணும் ஒரு பங்கைக் கொடுக்கும், மீதியை நாம் கொடுக்க வேண்டும். யூரியாவில் 46 வீதம் நைதரசன் உண்டு. ஓர் அந்தர், அதாவது 50 கிலோ மூடையில் 23 கிலோ. நல்ல கூட்டெருவில் ஒன்று, ஒன்றரை வீதம்தான் இருக்கும். அந்த ஒரு மூடைக்கு ஈடாக ஒன்றரைத் தொன்னிலிருந்து இரண்டு தொன்னுக்கு மேல் வரை கூட்டெரு வேண்டும். அதிலும் முதற் போகத்தில் பயிருக்குக் கிடைப்பது ஒரு பகுதியே. மீதி மண்ணில் மெல்ல மெல்ல விடுபடும். பெரும்போகத்தில் நாட்டில் 7 இலட்சம் ஹெக்டேயருக்கு மேல் நெல் விதைக்கிறோம். ஏக்கருக்கு மூன்று தொன் என்று குறைத்துப் போட்டாலும் 50 இலட்சம் தொன் கூட்டெரு வேண்டும். அதற்கு மாடு எங்கே, குழை எங்கே, ஏற்றி இறக்க லொறி எங்கே?

இந்தக் கணக்கு அரசுக்குத் தெரியாதது அல்ல. பல்கலைக்கழக விவசாய பீடங்களின் பேராசிரியர்கள் தடை வந்த வாரங்களிலேயே எச்சரித்தார்கள். கேட்கப்படவில்லை. நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது 2021/22 பெரும்போகத்தில் பல வயல்கள் விதைத்து முடிந்திருந்தன. பசளை வாங்க நாட்டிடம் டொலரும் இருக்கவில்லை. கிளிநொச்சியில் அந்தப் போகம் பயிர் மஞ்சளித்து, முழங்கால் உயரத்தில் நின்ற வயல்களைப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. கதிர் வந்தது, மணியில் பாதி பதர். 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைத் தாண்டியது. இந்தியக் கடன் வசதியில் வந்த யூரியாவைக் கொண்டுதான் அந்த ஆண்டுச் சிறுபோகம் ஓரளவு நிமிர்ந்தது.

படித்தவர்களை வைத்திருந்தும் அவர்களைக் கேட்காத நாட்டுக்கு விவசாயக் கல்வி உதவாது. இந்தக் கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

அப்படியானால் சேதனப் பசளை வேண்டாமா?

வேண்டும். வைக்கோலை எரிக்காமல் வயலிலேயே மடக்கி உழுதாலே நிலத்துக்கு வேண்டிய பொட்டாசியத்தின் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. மண் இளகும், நீர் நிற்கும், போடும் யூரியாவும் வீணாகாது. இரண்டும் சேர்ந்தே போக வேண்டியவை.

யூரியாவை அள்ளிக் கொட்டுவதும் பிழைதான். பயிர் கரும்பச்சையாக நின்றால் அயல்வயல்காரர் மெச்சுவார். அந்தப் பச்சைக்கே கபில நிறத் தத்தி என்ற, பயிரின் சாற்றை உறிஞ்சும் பூச்சி வந்து குடியேறும். இலை நிற அட்டை என்று ஒன்று இருக்கிறது: கையளவுப் பிளாஸ்டிக் துண்டு, வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை சில பட்டைகள். காலையில் வயலில் இறங்கி, முழுதாக விரிந்த மேல் இலையை அதன் மேல் வைத்து, வெயில் நேராகப் படாமல் உங்கள் நிழலில் பிடித்துப் பாருங்கள். குறித்த பட்டையை விட இலை வெளிறியிருந்தால் மட்டும் யூரியா போட்டால் போதும். பத்து இலைகளைப் பார்க்கக் கால்மணி நேரம் ஆகாது. இதைக் கையில் கொடுத்து ஒருமுறை காட்டிவிட்டால் அந்த விவசாயி அதன் பிறகு ஒருவரையும் கேட்க வேண்டியதில்லை. விவசாயக் கல்வி என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

2024 கடைசியில் அரிசித் தட்டுப்பாடு வந்து இறக்குமதி செய்தார்களே, நெல் விளையவில்லையா?

விளைந்தது. கேட்ட வகை கேட்ட நேரத்தில் கடையில் இல்லை. ‘நாடு’ என்ற வகை அரிசியும் சிவப்பரிசியும் காணாமல் போயின. பெரிய ஆலைகளின் களஞ்சியங்களில் எவ்வளவு இருக்கிறது என்று அரசிடமே சரியான கணக்கு இல்லை; நெல் சந்தைப்படுத்தும் சபையிடம் சந்தையை அசைக்கும் அளவுக்குக் கையிருப்பும் இல்லை. டிசம்பரில் இறக்குமதிக்கு வழி திறந்து, ஒன்றரை இலட்சம் தொன்னுக்கு மேல் வந்தது. வயலில் தன்னிறைவு இருந்தும் களஞ்சியத்தில் இல்லையென்றால் இப்படித்தான்.

சிறிமா காலத்தில் யாழ்ப்பாண விவசாயி நன்றாக இருந்தானே. அதுபோல இறக்குமதியை மூடிவிட்டால் என்ன?

வெங்காயமும் மிளகாயும் செய்த கைகள் அந்தக் காலத்தை மறக்கவில்லை. சிறிமாவோ பண்டாரநாயக்க பிரதமராக இருந்த 1970களின் தொடக்கத்தில் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதி நிறுத்தப்பட்டபோது குடாநாட்டில் கிணறு உள்ள ஒவ்வொரு பரப்புக் காணியும் காசாக விளைந்தது. அதற்குச் சற்று முன்னரே விசுவமடு, முத்தையன்கட்டுப் பகுதிகளில் படித்த வாலிபர் திட்டம் தொடங்கியிருந்தது. பள்ளிக்கூடம் முடித்து உத்தியோகம் கிடைக்காத இளைஞர்கள் காடு வெட்டி, நீர் இறைத்து, செத்தல் மிளகாயில் கையில் காசு பார்த்தார்கள். படித்தவன் தோட்டம் செய்வது அவமானம் இல்லை என்று நம் சமூகம் ஒத்துக்கொண்ட அருமையான காலம் அது. 1977 இல் இறக்குமதிக் கதவு திறந்ததும் வெளியிலிருந்து வந்த மிளகாயும் வெங்காயமும் விலையை விழுத்தின. பிறகு போர் வந்து மீதியையும் கொண்டுபோனது.

ஆனால் அதே காலத்தில் மலையகத்தில் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். தோட்டத் தொழிலாளிக்குச் சொந்தக் காணி இல்லை. கூப்பன் அரிசியும் மாவும் குறைந்தன, வெளிச்சந்தை விலை கைக்கு எட்டவில்லை. 1973, 1974 இல் தோட்டங்களில் மக்கள் பசியால் செத்தார்கள். ஒரே கொள்கை இணுவிலில் கல்வீடு கட்டியது, ஹட்டனில் சவப்பெட்டி செய்தது. இறக்குமதியை முழுதாக மூடு என்று கேட்பவர்கள் இரண்டையும் பார்த்துவிட்டுக் கேட்கட்டும். அறுவடைக் காலத்தில் மட்டும் வரியை உயர்த்துவது, அந்தத் திகதியை விதைப்புக்கு முன்பே அறிவிப்பது என்று இடையில் நல்ல வழி உண்டு. நம் நாட்டில் வரி திடீரென்று ஏறும், திடீரென்று இறங்கும்; வெங்காயம் நட்டவனுக்கு அதுதான் கொலை.

அரிசி தவிர வேறு எதில் வெளிநாட்டை நம்பியிருக்கிறோம்?

கோதுமை முழுவதும். பருப்பு முழுவதும் என்றே சொல்லலாம், பெரும்பாலும் கனடாவும் அவுஸ்திரேலியாவும். சீனியில் பெரும்பங்கு, பால்மாவில் பெரும்பங்கு, பெரிய வெங்காயத்தில் ஆண்டுக்கு ஆண்டு மாறும் ஒரு பங்கு. எல்லாவற்றையும் இங்கேயே செய்ய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். கோதுமை இந்த வெப்பத்தில் விளையாது. பயறு, உளுந்து, கௌபி, நிலக்கடலை, பால் ஆகியவற்றில் வடக்கு, கிழக்கு இன்னும் எவ்வளவோ செய்யலாம். பெரும்போக நெல் வெட்டிய வயலில் மிஞ்சிய ஈரத்தில் உளுந்தும் பயறும் போடும் பழக்கம் நம்மிடம் முன்பே இருந்ததுதான். கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் கீழ் 20,000 ஏக்கருக்கு மேல் பெரும்போகம் நடக்கிறது; சிறுபோகத்துக்கு எல்லோருக்கும் தண்ணீர் பங்கிட முடியாது. தண்ணீர் கிடைக்காத காணிகள் சும்மா கிடப்பதை விட ஒரு பயறு போடக் கூடாதா?

தேசிய வருமானத்தில் விவசாயம் 8 வீதம்தானாமே. இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு?

வேலை செய்பவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் விவசாயத்தில் இருக்கிறார். நான்கில் ஒருவர் சேர்ந்து 8 வீதம்தான் உழைக்கிறார்கள் என்றால், வறுமை எங்கே இருக்கிறது என்று அந்த எண்ணே காட்டிக்கொடுக்கிறது. இதை வைத்து விவசாயத்தை விட்டுவிடு என்பவர்களும் உண்டு. 2022 இல் பணம் கையில் இருந்தவர்களும் எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்றார்கள். அந்த மாதங்களில் முற்றத்தில் மரவள்ளியும் முருங்கையும் நின்ற வீடு தாங்கியது.

நெல்லுக்கு விலை இல்லை என்கிறார்கள், அரிசி விலையோ ஏறுகிறது. இடையில் என்ன நடக்கிறது?

ஈரப்பதன். 2025 பெப்ரவரியில் அரசு அறிவித்த நெல் விலை: ‘நாடு’ வகை கிலோ 120 ரூபாய், சம்பா 125, கீரிச்சம்பா 132. ஆனால் நெல்லில் ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. இயந்திரம் வெட்டிய கையோடு கொட்டும் நெல்லில் 20 வீதமும் இருக்கும், மழை பெய்தால் அதற்கு மேலும்.

1000 கிலோ ஈரநெல்லை 20 வீதத்திலிருந்து 14 க்குக் காயவைத்தால் 930 கிலோ நிற்கும். அந்த 70 கிலோவைக் கழித்துக்கொண்டு விலை பேசினால் நியாயம். வீதியோரத்தில் தறப்பாள் விரித்து, தை மாதத் தூறலில் நெல்லைக் காத்துக்கொண்டிருப்பவனிடம் வியாபாரி அப்படிப் பேசுவதில்லை. "அண்ணை, இண்டைக்குத் தந்தால் இந்த விலை, நாளைக்கு எனக்குத் தெரியாது" என்று லொறியை உறுமவிட்டு நிற்பார். கமநல சேவை நிலையத்துக் கடன், இயந்திரக் கூலி, அடைவில் கிடக்கும் நகை எல்லாம் அன்றைக்கே காசு கேட்கும். கொடுக்காமல் என்ன செய்வது? ஒவ்வொரு கமக்காரர் அமைப்புக்கும் ஓர் உலர்த்தும் தளமும் ஈரப்பதன் மானியும் இருந்தால் பேரத்தில் பாதியை விவசாயி வென்றுவிடுவான். பெரிய ஆலைகள் பொலன்னறுவையில் இருக்கின்றன; நம் நெல் அங்கே போய் அரிசியாகி நமக்கே திரும்பி வருகிறது. அந்த ஏற்றுக்கூலியும் நம் தலையில்தான்.

எங்கள் பகுதியில் விவசாயப் போதனாசிரியரைக் காணவே முடியவில்லை. அவர்களுக்கு என்ன வேலை?

அவர்களைக் குறை சொல்வதற்கு முன் ஒரு வரலாற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 1980களில் ஊர்மட்டத்தில் விவசாய விரிவாக்க உத்தியோகத்தர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். வயல் வயலாகப் போவதே அவர்களின் வேலை. 1989 அளவில் அவர்களைக் கூட்டமாகக் கிராம உத்தியோகத்தர்களாக மாற்றிவிட்டார்கள். விதைநெல்லைப் பற்றிப் பேசியவர் வதிவிடச் சான்றிதழில் கையெழுத்து வைக்கப் போய்விட்டார். அதே காலத்தில் மாகாண சபைகளைக் கொண்டுவந்த அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தோடு விரிவாக்கம் மாகாணத்துக்கும் மத்திக்குமாகப் பிரிந்தது. ஆராய்ச்சி பேராதனையில் உள்ள மத்திய விவசாயத் திணைக்களத்தின் கீழ், வயலில் நிற்கும் போதனாசிரியர் பெரும்பாலும் மாகாணத்தின் கீழ். இன்று ஒரு போதனாசிரியர் பல கிராமங்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது. பயிருக்கு மருந்து எது என்று விவசாயி கேட்பது கிருமிநாசினிக் கடைக்காரரைத்தான், விற்பவரிடமே மருத்துவம் கேட்பதுபோல.

உணவுத் தன்னிறைவுக்கு ஒரே ஒரு வேலை செய்யலாம் என்று என்னிடம் கேட்டால், புதிய குளம், புதிய இயந்திரம் எதையும் கேட்க மாட்டேன். ஊருக்கு ஒரு படித்த விவசாய உத்தியோகத்தரைத் திருப்பிக் கொடுங்கள் என்பேன்.

மகனுக்குப் பரம்பரை வயல் இருக்கிறது. அதைச் செய்யப் படிப்பு எதற்கு?

ஏக்கருக்கு எத்தனை புசல் விதைக்கிறீர்கள் என்று கேட்டால் மூன்று, நான்கு என்பார்கள். விவசாயத் திணைக்களத்தின் சிபாரிசு ஏறத்தாழ இரண்டு. களை வராமல் இருக்கத்தான் நெருக்கி விதைக்கிறோம் என்பது அனுபவம் சொல்லும் நியாயம், அதில் பாதி உண்மையும் உண்டு. ஆனால் அந்த நெருக்கத்தில் காற்று இல்லை, பூச்சி பெருகுகிறது, கதிர் சிறுக்கிறது, சேமித்த விதையில் கலந்திருக்கும் களைநெல்லும் சேர்ந்தே விதைபடுகிறது. முட்டை மிதக்கும் அளவுக்கு உப்புக் கரைத்த நீரில் விதைநெல்லைப் போட்டு, மிதப்பதை அகற்றி, தாழ்ந்ததை நன்றாகக் கழுவி விதைத்தால் குறைந்த விதையிலேயே வீரியமான நாற்று வரும். இந்த ஒரு செய்தி ஒரு போகத்தில் ஏக்கருக்கு ஒன்று, இரண்டு புசல் மிச்சம். பரம்பரை அறிவை நான் மதிக்கிறேன். மழை வரும் திசையும் மண்ணின் குணமும் அப்பாவிடம்தான் கற்க வேண்டும். ஆனால் 2018 கடைசியில் சோளத்துக்குப் படைப்புழு வந்தபோது எந்த அப்பாவுக்கும் அதைத் தெரிந்திருக்கவில்லை.

பல்கலைக்கழகத்தில் விவசாயம் படிக்க உயர்தரத்தில் என்ன எடுக்க வேண்டும்?

உயிரியல் பிரிவில் உயிரியலும் இரசாயனவியலும், மூன்றாவதாகப் பௌதிகவியல் அல்லது விவசாய விஞ்ஞானம். இங்கே ஒரு எச்சரிக்கை: பௌதிகவியலை விட்டு விவசாய விஞ்ஞானம் எடுத்தால் மருத்துவ பீடத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. இதைத் தெரியாமல் எடுத்துவிட்டுப் பிறகு அழுத பிள்ளைகள் உண்டு. விவசாயம்தான் வேண்டும் என்று தெளிவாக இருப்பவருக்கு அது நல்ல தெரிவு. தொழில்நுட்பப் பிரிவில் உயிர்முறைமைகள் தொழில்நுட்பவியல் படித்தவர்களுக்குத் தொழில்நுட்ப பீடங்களில் தனிப் பட்டம் உண்டு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அந்த ஆண்டுக் கைநூலை ஒருமுறை பார்த்துவிட்டே முடிவெடுங்கள்.

விவசாயப் பட்டத்தில் மூத்தது பேராதனை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் 1990 இல் கிளிநொச்சியில் தொடங்கி, போரில் இடம்பெயர்ந்து, இப்போது அறிவியல் நகரில் இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வந்தாறுமூலை. தெற்கில் உருகுணை, வடமத்தியில் ரஜரட்டை, வடமேற்கில் வயம்ப. படிப்பு நான்கு ஆண்டு, ஆங்கிலத்தில். ஆங்கிலத்துக்குப் பயந்து கைவிட வேண்டாம். முதல் ஆண்டு கஷ்டம், அதன் பிறகு பழகிவிடும்.

பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால்?

குண்டசாலை, வவுனியா போன்ற இடங்களில் விவசாயத் திணைக்களத்தின் விவசாயக் கல்லூரிகள் டிப்ளோமா நடத்துகின்றன. வயலும் தொழுவமும் வகுப்பறையாக இருக்கும் படிப்பு. விவசாயப் போதனாசிரியர் பதவிக்கு இதுதான் பழைய வழி. அம்பாறையில் ஹாடி உயர் தொழில்நுட்ப நிறுவனத்தில் விவசாயத்தில் உயர் தேசிய டிப்ளோமா உண்டு.

படித்தால் வேலை கிடைக்குமா?

பட்டதாரிக்கு இலங்கை விவசாய சேவை, ஆராய்ச்சி நிலையங்கள், பெருந்தோட்டக் கம்பனிகள், விதை, பசளைக் கம்பனிகள், வங்கிகளின் விவசாயக் கடன் பிரிவு, உணவு பதனிடும் தொழில் என்று வழிகள் உண்டு. போட்டியும் உண்டு. நான் வருந்துவது இன்னொன்றுக்கு: விவசாயப் பட்டம் பெற்ற எத்தனையோ பிள்ளைகள் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற பெயரில் பிரதேச செயலகத்துக் கதிரையில் கடதாசி நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை, கிடைத்த வேலை அது. பிள்ளைக்கு இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள், சொந்தமாக ஒரு நாற்றுமேடையோ பால் பண்ணையோ தொடங்கும் எண்ணத்தையும் படிக்கும்போதே ஊட்டுங்கள்.

இந்தப் போகத்திலேயே ஏதாவது செய்ய வேண்டும். எங்கே தொடங்குவது?

விதைப்புக்கு ஒரு மாதம் முன்பே மண்ணை எடுங்கள். ஒரு ஏக்கரில் எட்டு, பத்து இடங்களில், வரம்போரத்தையும் எருக்குவியல் கிடந்த இடத்தையும் விட்டு, ஒரு சாண் ஆழத்துக்குள் எடுத்து, ஒன்றாகக் கலந்து, நிழலில் உலரவைத்து அரைக் கிலோ போதும். போதனாசிரியரிடம் கொடுத்தால் பரிசோதனைக்கு அனுப்புவார். குடாநாட்டில் திருநெல்வேலியிலும், வன்னியில் கிளிநொச்சியிலும் விவசாய ஆராய்ச்சி நிலையங்கள் உண்டு. விதைப்புக்கு முன் விவசாயிகளையும் அதிகாரிகளையும் கூட்டி நடத்தும் போகக் கூட்டத்துக்கு நேரில் போங்கள். எந்தத் திகதியில் தண்ணீர் திறப்பது, எந்த வயது நெல் விதைப்பது என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகிறது, வராதவர் பின்னர் வாய்க்காலில் நின்று சண்டை பிடிப்பதில் பயனில்லை. உறுதிப்படுத்திய விதைநெல்லில் ஒரு புசலாவது வாங்கித் தனியாக விதையுங்கள். அடுத்த போகத்துக்கு அதுவே உங்கள் சொந்த விதை. பயிரில் தெரியாத நோய் கண்டால் கடைக்குப் போகும் முன் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழையுங்கள், இலையின் படத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.